பிளாஸ்டிகேஜ் ஒன்று சொல்கிறது, போர் கேஜ் வேறொன்று சொல்கிறது

செம்பூர்வாசி:
மும்பை குர்லா தொழிற்சாலையில் உருவாகி, என் அப்பா காலத்திலிருந்து வீட்டில் நிற்கும் பிரீமியர் பத்மினி காரின் 1089 சி.சி. இன்ஜினைப் பிரித்து, கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) ஜர்னல்களை, அதாவது பேரிங்கில் சுழலும் பகுதிகளை, 0.25 மி.மீ. குறைத்துக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் ஷெல்களும் (அரைவட்டப் பேரிங் தகடுகள்) வாங்கிவிட்டேன். கிராங்கைத் தாங்கும் நடு மெயின் பேரிங்கில் பச்சைப் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய இழை) வைத்துப் பார்த்தால் கிளியரன்ஸ், அதாவது ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் உள்ள இடைவெளி, 0.038 மி.மீ. என்று வருகிறது, ஜர்னலை மைக்ரோமீட்டரிலும் ஷெல் பொருத்திய துளையைப் போர் கேஜிலும் (துளையின் விட்டம் அளக்கும் கருவி) அளந்து கழித்தால் 0.08 வருகிறது. இரண்டு முறையும் கேப்பை (பேரிங்கின் கீழ்ப்பாதி மூடி) டார்க் ரெஞ்சால், அதாவது இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனரால்தான் இறுக்கினேன். எதை நம்புவது?

முலுண்டு பட்டறைக்காரர்:
இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். போர் கேஜை எந்தத் திசையில் பிடித்தீர்கள்? ஷெல்லின் சுவர் எங்கும் ஒரே கனமாக இருப்பதில்லை. கேப்பும் இன்ஜின் பிளாக்கும் சேரும் விளிம்பை நெருங்க நெருங்க வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்திருப்பார்கள் என்பதால், அந்தப் பக்கம் அளந்தால் துளை பெரிதாகத்தான் தெரியும். சேரும் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்து பாருங்கள். இன்னொன்று, போர் கேஜின் பூஜ்யத்தை ஜர்னலை அளந்த அதே மைக்ரோமீட்டரின் தாடைகளுக்கு இடையிலேயே வையுங்கள். மைக்ரோமீட்டரில் பிழை இருந்தாலும் கழிக்கும்போது அது அடிபட்டுப்போகும். 50 மி.மீ. தண்டுக்கு 0.05 மி.மீ. கிளியரன்ஸ் என்பது பட்டறைகளின் பழைய கணக்கு. முடிவான எண்ணை மேனுவலில்தான் பார்க்க வேண்டும்.

பழைய இரும்பு:
பிளாஸ்டிகேஜ் வைத்தபோது இன்ஜின் நிமிர்ந்து நின்றதா, கவிழ்ந்திருந்ததா? நிமிர்ந்திருந்தால் கிராங்கின் எடை முழுவதும் கீழே கேப்பின் மேல் இறங்கிவிடும். இடைவெளி மேலே ஒதுங்கிக்கொள்ள, கீழே வைத்த இழை அளவுக்கு மீறி நசுங்கி அகலமாகி, கிளியரன்ஸைக் குறைத்துக் காட்டும். இறுக்கிய பிறகு கிராங்கைக் கொஞ்சம் சுழற்றியிருந்தாலும் இழை இழுபட்டுப் பொய் சொல்லும். ஜர்னலில் எண்ணெய்ப் பசையும் இருக்கக் கூடாது, அது இழையைக் கரைத்துவிடும்.

செம்பூர்வாசி:
இரண்டு இடத்திலும் தவறு என்னுடையதுதான், ஐயா. இன்ஜினைக் கவிழ்த்து வைத்தபோது பிளாஸ்டிகேஜ் 0.051 காட்டியது, செங்குத்தாக அளந்தபோது போர் கேஜில் 0.055 வந்தது. மற்ற இரண்டு மெயின்களையும் நாளை பார்க்கிறேன். துடைத்து வைத்த ஜர்னலில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே துருவாகப் படிந்திருக்கிறது, மழைக்காலம் அல்லவா. இன்றிரவு எண்ணெய் பூசி மூடிவிடுகிறேன்.

முலுண்டு பட்டறைக்காரர்:
ஒவ்வொரு ஜர்னலையும் இரு ஓரங்களிலும், 90 டிகிரி திருப்பியும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கிரைண்டிங் புதிது என்பதற்காக ஓவலும் (வட்டம் நசுங்கியிருப்பது) டேப்பரும் (ஓர் ஓரம் மெலிந்திருப்பது) இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.