கில்வெல் சாரணர் முகாம் – பெற்றோர் குழு

சுதா: கில்வெல் பார்க் பெரிய பங்களாவாமே. பிள்ளையள் அதுக்குள்ளயோ படுக்கிறது?

ரமணன் (லீடர்): இல்லை அக்கா. அந்தப் பங்களாவை, ‘வெள்ளை மாளிகை’ எண்டு பேர், வெளியில நிண்டு பாக்கலாம். படுக்கை புல்வெளியில, கூடாரத்துக்குள்ள. லண்டனுக்குப் பக்கத்தில எப்பிங் காட்டு ஓரம், களிமண். மழைத் தண்ணி லேசில இறங்காது.

குகன்: 1919ல மக்லாரன் எண்ட சாரணத் தலைவர் 7,000 பவுண் குடுத்து அந்தத் தோட்டத்தைச் சாரணருக்கு வாங்கேக்க பத்தை மண்டிக் கிடந்தது. துப்புரவாக்கப் போன கிழக்கு லண்டன் பெடியளுக்கு முதல் இரவு கூடாரமே அடிக்கேலாமப் போச்சு, அவ்வளவு ஈரம். தோட்டக்காரன்ர கொட்டிலுக்குள்ள படுத்தவை. அதுக்கு வச்ச பேர் ‘பன்றிக்கூடு’ 😄

சுதா: அப்ப தடிச்ச போர்வை ரெண்டு தந்துவிடட்டே?

ரமணன்: போர்த்துறதை விட கீழ விரிக்கிறதுதான் முக்கியம். குளிர் நிலத்தால ஏறும். உடம்புப் பாரத்தில ஸ்லீப்பிங் பேக் பஞ்சு நசிஞ்சா சூடு நிக்காது. ஃபோம் பாய் கட்டாயம். காத்தடிக்கிற மெத்தை வேண்டாம், உள்ள இருக்கிற காத்தே குளிர்ந்திடும். போர்வை இருந்தா பாய்க்கு மேல விரிக்கட்டும்.

மாலினி: உடுப்பு?

ரமணன்: ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயாது. படுக்க வேற உலர்ந்த உடுப்பு, சொக்ஸோட, பிளாஸ்டிக் பையில கட்டி விடுங்கோ. பகல் போட்டதோட படுத்தா வேர்வை ஈரத்தில நடுங்குவினம்.

குகன்: கூடாரத்தின்ர உள்சீலையும் வெளிச்சீலையும் முட்டக்கூடாது. விடிய உள்ளுக்கச் சொட்டினா ஒழுக்கு எண்டு நினைக்கிறவை. கூடுதலா அது மூச்சு ஈரம்தான். குளிருது எண்டு காத்துத் துவாரத்தை மூடினா இன்னும் சொட்டும். ஈரக் களியில மெல்லிய கம்பி முளை சுத்திக்கொண்டு வந்திடும். வி வடிவ முளை நல்லது, தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கம் சாய அடியுங்கோ.

மாலினி: மகளுக்கு நீட்டு முடி. சுவர் ஏற விடுவினமோ?

ரமணன்: தாழப் பின்னி சட்டைக்குள்ள விடுங்கோ. உச்சிக் கொண்டை போட்டா ஹெல்மெட் சரியா இராது. மோதிரம், தொங்கு தோடு கழட்டோணும். ஹார்னஸ் எண்டது ஏறேக்க கயிறு மாட்டுற பட்டி. அதின்ர இடுப்புப்பட்டி இடுப்பெலும்புக்கு மேல இருக்கோணும். கீழ இருந்தா, ஆள் தலைகீழானா நழுவும். தொடைப் பட்டிக்குள்ள விரிச்ச கை போகோணும், பொத்தின கை போகக்கூடாது.

சுதா: வரைபடத்தில ‘பாம் ஹோல்’ எண்டு கிடக்கு?!

குகன்: உலகப் போரில குண்டு விழுந்த கிடங்கு அக்கா. இப்ப தண்ணி நிக்கிற குளம். பயப்பிடாதேங்கோ.

ரமணன்: ஞாயிறு கூடாரங்கள் ஈரமாத்தான் வரும். சுருட்டினபடி வச்சா பூஞ்சணம் பிடிச்சு மணக்கும், பிறகு போகாது. அண்டைக்கே விரிச்சுக் காயப்போட இடம் வேணும்.

சுதா: எங்கட கராஜ் சும்மா கிடக்கு. ரெண்டைக் கொண்டந்து தாங்கோ.