பனித்துளையும் தூண்டிலும்: நன்னீர் மீன்பிடிச் சொற்கள்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

உறைந்த ஏரியில் துளை போட்டு மீன்பிடிப்பதற்குப் பினாங்கு அக்கா ‘பனிமீன்பிடிப்பு’ என்று ஒரு சொல்லை முன்வைத்திருந்தார். அதற்கு இதுவரை மறுப்பு வரவில்லை. பட்டியலில் ஏறுவதற்குள் என் மறுப்பைப் பதிந்துவிடுகிறேன். சிறு படகில் மீன்பிடிக்கும் முறைகளுக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டிலும் இருக்கும் சிக்கல் ஒன்றுதான்.

முதலில் ‘பனி’. கோலாலம்பூரில் சந்தைக்குப் போகிறவர் “ஐஸ் மீனா, புது மீனா?” என்று கேட்டுத்தான் வாங்குகிறார். ‘பனிமீன்’ என்று தொடங்கும் சொல்லைக் கண்டால் அவருக்கு ஐஸ் பெட்டியில் கிடக்கும் கெம்போங் மீன்தான் நினைவுக்கு வரும். சரி, ‘பனி மீன்பிடிப்பு’ என்று பிரித்து எழுதலாமே என்றால், நம் ஊர்க்காரருக்குப் பனி என்பது கேமரன் மலையின் விடியற்காலை மூட்டம். அந்த மூட்டத்தில் நின்று யாரோ தூண்டில் போடுகிறார் என்றே படிப்பார்.

டொராண்டோ அண்ணன் போன மடலில் எழுதியதை இங்கே எடுத்துப் போடுகிறேன்:

> எங்கட ஆக்கள் குளிர்காலத்தில சிம்கோ ஏரிக்குப் போவினம். ஒருத்தரும் பனி எண்டு சொல்றேல்லை, ‘ஐஸ் பிஷிங்’ எண்டுதான் கதை. சொல் வேணும் எண்டால் அங்க போய் என்ன செய்யினம் எண்டதைப் பாத்து வையுங்கோ.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். என்ன செய்கிறார்கள்?

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதனால் கடுங்குளிரிலும் ஏரியின் அடியில் ஏறத்தாழ 4 டிகிரித் தண்ணீர் தங்கிவிடுகிறது. அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் மேலே நின்று உறைகிறது. மீன் அதற்குக் கீழே உயிரோடுதான் இருக்கிறது. உடம்பு மந்தப்பட்டு, குறைவாக நகர்ந்து, குறைவாகத் தின்கிறது. மேலே ஆள் நடக்க, தெளிந்த பனிப்பாளம் குறைந்தது 10 செ.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. பனிப்பொழிவு கலந்து வெளுத்துப்போன பாளம் என்றால் வலு பாதிதான். தடிப்பு இரண்டு மடங்கு வேண்டும். அந்தப் பாளத்தில் 15 முதல் 25 செ.மீ. அகலத்துக்கு ஒரு துளை போடுகிறார்கள். அப்புறம் எல்லாவற்றையும் அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. தூண்டிலை வீச இடமில்லை, வீசத் தேவையும் இல்லை. கோல் நீளமாக இருந்தால் துளையிலிருந்து தள்ளி உட்கார வேண்டும். ஆகவே 60, 90 செ.மீ. நீளமே போதும். தூண்டிலின் நைலான் நரம்பு நேர்க்கீழாக இறங்குகிறது. மீன் கடிக்கவில்லையா, எழுந்துபோய் வேறிடத்தில் இன்னொரு துளை போடுகிறார்கள்.

இவ்வளவும் துளையால் வருவது. ஆகவே என் பரிந்துரை ‘துளைத்தூண்டில்’. குளிர் எப்படிப்பட்டது என்பதைச் சொல் சொல்ல வேண்டியதில்லை. கை என்ன செய்கிறது என்பதைச் சொன்னால் போதும். எண்ணெய்ப் பனைக்குச் செம்பனை என்ற சொல் நம் நாட்டில் எப்படி ஊன்றியது? பழத்தைப் பார்த்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

துளைத்தூண்டிலில் கையில் பிடிப்பது ஒன்று, வைத்துவிட்டுக் காத்திருப்பது ஒன்று. அமெரிக்காவின் மினசோட்டாவில் திறந்த நீரில் பொதுவாக ஆளுக்கு ஒரு தூண்டில்தான். பனிப்பாளத்தின் மேல் இரண்டு போடலாம். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளி ஒரு துளையில் வைப்பவர்கள் உண்டு. துளைக்குக் குறுக்கே ஒரு சட்டம், நரம்புச் சுருள் உறைந்துவிடாமல் தண்ணீருக்குள்ளே, மேலே மடக்கிய ஒரு சின்னக் கொடி. மீன் இழுத்ததும் கொடி விசுக்கென்று நிமிரும், ஆள் ஓடுவார். இதற்குக் ‘கொடித்தூண்டில்’ என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்கவே தோன்றவில்லை.

துளை போடும் கருவிக்குத் தச்சர்களின் ‘துறப்பணம்’ இருக்கிறது. ‘பனித்துறப்பணம்’ என்று எழுதலாம். துளையில் மிதக்கும் பனித்தூளை அள்ளும் ஓட்டைக் கரண்டிக்கும் ஒருவர் சொல் கேட்டிருந்தார். அது ஜல்லிக்கரண்டிதான், ஐயா. வடை எடுத்தாலும் பனி எடுத்தாலும் அதே கரண்டி. எல்லாவற்றுக்கும் புதுச்சொல் செய்ய வேண்டும் என்ற நோய் நமக்கு வேண்டாம்.

இனி நம் ஊர்ப் பக்கம். ‘படகு மீன்பிடிப்பு’ என்று பட்டியலில் ஒரே வரியாக இருக்கிறது. இது ஒன்றையுமே சொல்லவில்லை. தெமெங்கோர் ஏரிக்கோ கென்யிர் ஏரிக்கோ சிறு படகில் போகிறவர் அங்கே செய்வது பல வேலை. அவற்றுக்குத்தான் பெயர் வேண்டும்.

ஒன்று, வீசுவது. தோமான் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் விராலின் பெரிய உறவு. விரால் குடும்பத்துக்கே காற்றைக் குடிக்கும் பழக்கம் உண்டு. தோமானும் மூச்சுக்காக அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். வந்து தண்ணீரைக் கலக்கிய இடத்தில் வளையம் எழும். தூண்டில்காரர் படகின் முன்புறம் நின்று அதற்காகவே காத்திருக்கிறார். வளையம் அடங்குவதற்குள் பொய்யிரை, அதாவது செய்து மாட்டிய போலி இரை, அங்கே விழ வேண்டும். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கின்றன, முள் அதில் மாட்டினால் போச்சு. குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேலே மொய்க்கும்போது தாயும் தகப்பனும் கீழே காவல் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் வீசினால் பசியில்லாத தோமானும் கோபத்தில் கடிக்கும். அப்படிப் பிடிப்பது முறையல்ல என்பது என் கருத்து. காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். கலைச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். வீச்சுவலை என்று முன்பே இருப்பதால் இதற்கு ‘வீச்சுத்தூண்டில்’ போதும்.

இரண்டாவது, படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் பொய்யிரையை இழுத்துப் போவது. இதற்குச் சிலர் ‘இழுவைத் தூண்டில்’ என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். ‘இழுவைப் படகு’ என்றால் கடலடியை மடிவலையால் அரித்துப் போகும் படகு. பாக் நீரிணையில் அந்தப் படகுகளால் எவ்வளவு சண்டை! இலங்கை 2017இல் சட்டம் போட்டே இழுவை மடியைத் தடுத்தது. அந்தப் பழியை ஓர் ஒற்றை முள்ளின் மேல் ஏற்ற வேண்டாம். படகு ஓட, தூண்டிலும் ஓடுகிறது, ‘ஓடுதூண்டில்’ என்போம்.

மூன்றாவது, படகை நிறுத்தி, நேராக இறக்கி, கோலின் நுனியை ஏற்றி இறக்கி, பொய்யிரையைக் குதிக்க வைப்பது. மலாய்க்காரர்களிடம் இதற்கு ‘உஞ்சுன்’ என்று அழகான சொல் இருக்கிறது. நாம் ‘துள்ளுதூண்டில்’ எனலாம். இங்கேதான் நான் முதலில் சொன்ன விஷயம் கூடி வருகிறது. சிம்கோ ஏரியில் துளைக்கு மேல் குந்தியிருப்பவரின் கையும் கென்யிரில் படகோரம் குனிந்திருப்பவரின் கையும் செய்வது ஒரே வேலை. இடத்தை வைத்துப் பெயரிட்டால் இந்த உறவு தெரியாது. கையை வைத்துப் பெயரிட்டால் ‘துளையில் துள்ளுதூண்டில் போட்டார்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

மிச்சம் சில. சிறு படகுக்குச் சம்பான் அப்படியே இருக்கட்டும். தக்கை, ஈயக்குண்டு, முள் எல்லாம் இருக்கின்றன. நைலான் நரம்பு மலாயில் தங்சி, யாழ்ப்பாணத்தில் தங்கூசி. இரண்டும் இவ்வளவு நெருங்கி ஒலிக்கும்போது தங்கூசியையே பட்டியலில் வைக்கலாம். இப்படிச் செய்து மாட்டும் போலி இரைக்குச் ‘செயற்கை இரை’ என்பது அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கிறது. ‘பொய்யிரை’ என்றே மேலே எழுதிவிட்டேன்.

கரண்டி வடிவில் பளபளவென்று சுழன்று வரும் உலோகப் பொய்யிரைக்கு மட்டும் ஓர் ஆசை. குறள் 931இல் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்று வருகிறது. அங்கே பொன் என்பது இரைக்குள் மறைந்த முள்ளின் இரும்பு. இந்தக் கரண்டியிலோ இரையே இல்லை; வெறும் உலோகத்தைத்தான் மீன் நம்பி விழுங்குகிறது. அதற்குத் ‘தூண்டிற்பொன்’ என்று வைத்தால் என்ன?

கோலாலம்பூரிலிருந்து,
அன்புடன்.

—

தம்பிக்கு வணக்கம்.

ஐஸ் மீன் வாதத்துக்கு நான் சரி. ‘பனிமீன்பிடிப்பு’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ‘துளைத்தூண்டில்’ தனியாக நிற்காது. பட்டர்வொர்த்தில் தூண்டில் கடை வைத்திருப்பவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். “முள்ளில் நரம்பு கோக்கத் துளை எப்போதும் இருக்கிறதுதானே, அக்கா” என்றார். ஆகவே தலைச்சொல் ‘பனித்துளைத் தூண்டில்’ என்று இருக்கட்டும். கட்டுரைக்குள் இரண்டாம் முறை வரும்போது நீங்கள் சுருக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. உங்கள் மூன்று வகையில் எங்கள் வீட்டுக்காரரைக் காணோம். அவர் தெலுக் இந்தான் பக்கம் சம்பானில் போய் ஊடாங் காலா என்ற பெரிய ஆற்று இறால் பிடிக்கிறவர். பேராக் ஆற்றில் நங்கூரம் போட்டு, மண்புழுவை அடியில் கிடத்திவிட்டு, அசையாமல் இருப்பார். வீச்சும் இல்லை, ஓட்டமும் இல்லை, துள்ளலும் இல்லை. அந்த இறால் இரையை உடனே விழுங்காது. கொடுக்கால் பிடித்துக்கொண்டு நகரும். அவசரப்பட்டு இழுத்தால் விட்டுவிடும். இதற்கு ‘அடித்தூண்டில்’ என்று நான்காவது வகையைச் சேருங்கள். நம் ஆட்கள் அதிகம் போடுவது அதுதான். பழைய ஈயச்சுரங்கக் குட்டைகளிலும், காசு கட்டிப் பிடிக்கும் குளங்களில் பாத்தின் மீனுக்கும் அதுவேதான். முதல் இடத்தில் வர வேண்டியதைக் காணாமல் அடித்துவிட்டீர்கள்.

‘ஓடுதூண்டில்’ மிகவும் பிடித்திருக்கிறது. ‘தூண்டிற்பொன்’ அழகுதான், ஆனால் கடையில் போய்க் கேட்டால் நகைக்கடைக்கு வழி காட்டுவார்கள். அடைப்புக்குள் ‘கரண்டிப் பொய்யிரை’ என்றும் போட்டு வையுங்கள்.

டொராண்டோ தம்பிக்கு: பாளம் உடைந்து தண்ணீருக்குள் விழுந்தால், பனியில் குத்திப் பிடித்து ஏறுவதற்காக இரண்டு கைப்பிடி முள்ளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்களே. உயிர் காக்கும் சாமான் அது. பட்டியலில் சொல் இல்லை. ‘ஏறுமுள்’ என்று போடலாமா? உங்கள் ஆட்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பட்டியலைப் புதுப்பிக்கிறேன்.