டயக்னாஸ்டிக் ஸ்டூவர்ட்ஷிப்: தமிழ்ல என்ன சொல்லலாம்?

லேப்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) பசங்களுக்கு நோட்ஸ் எழுதிட்டு இருக்கேன், திங்கக்கிழமை ஜெராக்ஸுக்குப் போயாகணும், ‘டயக்னாஸ்டிக் ஸ்டூவர்ட்ஷிப்’ங்கிற இந்த ஒரு வார்த்தைல மாட்டிக்கிட்டேன். தேவையான டெஸ்ட்ட தேவையான ஆளுக்கு தேவையான நேரத்துல எடுக்கிறதுதான் விஷயம். வார்டுல தினம் காலைல பழக்கதோஷத்துல சிபிசி (ரத்த அணுக்கள எண்ற டெஸ்ட்) எழுதிடறாங்க, ரிப்போர்ட்ட யாரும் பாக்கறதில்ல, ட்யூபும் கிளவுஸும் மருத்துவக் கழிவு போடற சிவப்புப் பையில நிறையுது. 2020ல வந்த ஆஸ்திரேலிய ஆய்வுல ஒரு சிபிசிக்கு 116 கிராம் கார்பன் டை ஆக்சைடு கணக்கு, பெரும்பங்கு மெஷின்ல இல்ல, ரத்தம் எடுக்கிற சாமான்லதான். வேற டெஸ்ட்டுக்கு எடுத்த ரத்தத்துலயே சேத்துப் போடற சிஆர்பிக்கு (உடம்புல அழற்சி இருக்கான்னு பாக்கிற டெஸ்ட்) அரை கிராம்தானாம்.

புலவர்:
தம்பி, ‘சோதனைப் பேணுகை’. முடிஞ்சுது.

லேப்காரன்:
ஐயா, பேணுகைன்னா டெஸ்ட்ட ஊட்டி வளக்கிற மாதிரி இருக்கே, நாம குறைக்கல்ல பாக்கறோம்?

செட்டுக் கட்சி:
‘சோதனைச் செட்டு’. செட்டா, அதாவது சிக்கனமா செலவு பண்றதுன்னு பாட்டிங்க சொல்றதுதான. செட்டிங்கிற சொல்லே இதுலருந்து வந்ததுன்னு சிலர் சொல்வாங்க.

புலவர்:
அது சிரேஷ்டிங்கிற வடசொல்லுலருந்து வந்ததுன்னு ஒரு கூட்டம் சொல்லும், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. சிலம்புல ‘எட்டி சாயலன்’ வர்றான், எட்டி வணிகருக்குக் குடுத்த பட்டம், அங்கருந்து பிடிக்கணும்...

லேப்காரன்:
ஐயா திங்கக்கிழமை! லேப்ல ‘செட்டு’ன்னா பசங்க ட்யூப் செட்ட எடுத்துட்டு வருவாங்க.

யாழ்ப்பாணத்தான்:
எங்கட கோயில்களில பரிபாலன சபை எண்டு இருக்கு, ஆருக்கும் விளங்கும். ‘சோதனைப் பரிபாலனம்’ எண்டு போடுங்கோவன்.

புலவர்:
வடமொழி.

யாழ்ப்பாணத்தான்:
ஜெராக்ஸ் மட்டும் சங்கத்தமிழோ ஐயா?

டாக்டரம்மா:
செட்டு, சிக்கனம் ரெண்டும் வேணாம். காசுக்காக டெஸ்ட்ட வெட்டறாங்கன்னு நோயாளி பயப்படுவாங்க. ரெண்டு வாரம் இருமறவருக்கு காசநோய்க்கான சளி டெஸ்ட் எடுக்காம விடறதும் இதே தப்புதான், கூடவும் கூடாது குறையவும் கூடாது. ‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும்’னு குறள் 949லயே மொத்தமும் இருக்கு, உற்றான்னா நோயாளி. ‘அளவறி சோதனை’ன்னு வைங்க.

செட்டுக் கட்சி:
மேடம் குறள் நல்லாத்தான் இருக்கு, ஆனா பள்ளிக்கூட வேதியியல்ல ‘அளவறி பகுப்பாய்வு’ன்னு ஏற்கெனவே இருக்கே, எத்தனை மில்லிகிராம்னு அளக்கிறது. சர்க்கரை அளவு பாக்கிற டெஸ்ட்னு நினைச்சுப்பாங்க.

டாக்டரம்மா:
அடடா. ஆமா.

லேப்காரன்:
அப்போ ‘தேவையறி சோதனை’ன்னு போட்டுடறேன், மூணு பேர் சரின்னு தனியா எழுதிட்டாங்க. நடுவுல ஒற்று வருமா?

புலவர்:
வினைத்தொகை, வராது. ஆனா இது சோதனைக்குப் பேரு, அந்த நெறிக்குப் பேரு இல்ல. என் ஓட்டு பேணுகைக்குத்தான்னு பதிவு பண்ணிக்குங்க.

செட்டுக் கட்சி:
என் ஓட்டு செட்டுக்கு. ஐயா, எட்டி சாயலன தனி இழைல தொடருவோமா?