ஆறாம் வகுப்பு: தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?

மேலூர்க்காரி:
மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, தமிழ் மீடியம். ஜூனில் அரசு மகளிர் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அங்கே இரண்டு பிரிவும் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார், "அண்ணி, இதுதான் சமயம், இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்திருங்க. சிங்கப்பூர் எப்படி முன்னுக்கு வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" என்கிறார். தனியார் பள்ளி என்றால் பணம் அனுப்பவும் தயார். தலைமை ஆசிரியையோ தமிழிலேயே இருக்கட்டும் என்கிறார். வீட்டுக்காரர், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம். பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது. என்ன செய்யலாம்?

தேக்கா வாசி:
கொழுந்தனார் சொல்வதுதான் சரி. எனக்குச் செல்லூர். பிள்ளைகள் படிப்பது சிங்கப்பூரில். இங்கே 1966-லிருந்து இருமொழிக் கொள்கை, 1987-லிருந்து எல்லாப் பள்ளியும் ஆங்கில வழி. தமிழ் ஒரு பாடம். பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் பீசா தேர்வில், 2022-ல் கணக்கு, அறிவியல், வாசிப்பு மூன்றிலும் சிங்கப்பூர்தான் முதலிடம். தமிழ் என்ன செத்தா போய்விட்டது? நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கிறது. இதே தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் கலந்துகொண்டது. 74 இடங்களில் கடைசி மூன்றுக்குள் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

உசிலை வாத்தியார்:
சிங்கப்பூரைக் காட்டி மேலூருக்கு வழி சொல்வது, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். அங்கே சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டியிருந்தது. மேலூர்ச் சந்தையில் யாருக்கும் யாருக்கும் இடையில் இங்கிலீஷ் தேவைப்படுகிறது? சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு வீட்டிலேயே இங்கிலீஷ் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் 48.3 சதவீதம் பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றிருக்கிறார்கள். அங்கேயும் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ் உயர்நிலைப் பள்ளி இருந்தது, 1982-ல் மூடிவிட்டார்கள். அதை ஏன் தம்பி சொல்லாமல் விட்டீர்கள்?

சரி, வகுப்பறைக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் 2012-13-லிருந்து இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள் வந்தன. நானும் அதில் அறிவியல் எடுத்தவன். இரண்டு பிரிவுக்கும் பெரும்பாலும் அதே ஆசிரியர்தான். தமிழில் விளக்குவோம், இங்கிலீஷில் போர்டில் எழுதுவோம், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். ஈரத்துணி காற்றடித்தால் ஏன் சீக்கிரம் காய்கிறது என்று தமிழில் கேட்டேன். பின் பெஞ்சுப் பையன்கூடக் கையைத் தூக்கினான். அதே கேள்வியைத் தேர்வில் இங்கிலீஷில் கொடுத்தேன், பாதித் தாள்களில் அந்த இடம் காலி. ஆவியாதலை வரையறு என்ற கேள்விக்கு மட்டும் வகுப்பே ஒரே விடை எழுதியிருந்தது. கைடில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதுவும் எல்லாத் தாளிலும் அப்படியே வந்திருந்தது. மதிப்பெண் போட்டேன், வேறென்ன செய்ய? அந்தப் பிள்ளைகளின் பெற்றோர், மகன் இங்கிலீஷில் படிக்கிறான் என்று சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

இலந்தைக்குளம் ஐடி:
சார், இதே நியாயத்தைக் கேட்டுத்தான் நானும் பன்னிரண்டு வரை தமிழில் படித்தேன், வாடிப்பட்டிப் பக்கம். பொறியியல் முதல் செமஸ்டர் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்ட கேள்விக்கு விடை தெரியும், வாயில் வரவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பன்னிரண்டில் கணக்கில் என்னைவிடக் குறைவாக எடுத்தவன் சரளமாகப் பேசிவிட்டு வெளியே வந்தான். பள்ளியில் தமிழ், கல்லூரியில் இங்கிலீஷ் என்று பிள்ளையை நடுவழியில் பஸ் மாற்றி ஏறச் சொல்கிறீர்கள். அந்த இடத்தில் எத்தனை பேர் இறங்கியே போகிறார்கள் தெரியுமா?

ஜப்பானிலும் கொரியாவிலும் தாய்மொழியில் படித்தால் தாய்மொழியிலேயே வேலை இருக்கிறது. இங்கே அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் கொண்டுவந்தது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறவர் தமிழிலா கேட்கிறார்? இன்னொன்று: தமிழ் மீடியத்துக்கு மேடையில் வாதாடுகிறவர்கள் தங்கள் பிள்ளையை எங்கே சேர்த்தார்கள் என்று யாராவது கணக்கெடுங்கள்.

ஸ்டுட்கார்ட் மதுரைக்காரன்:
ஜெர்மனியில் என் மகள் நான்காம் வகுப்பு. கணக்கு, அறிவியல், சமூகவியல் எல்லாம் ஜெர்மன். இங்கிலீஷ் மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பித்தது, ஒரு பாடமாக. இலக்கணத்தில் தொடங்கவில்லை, பாட்டு, விளையாட்டு, கடையில் பொருள் வாங்குவது மாதிரி நடிப்பது. பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் என்னோடு தடையில்லாமல் இங்கிலீஷ் பேசுகிறான். அவன் இங்கிலீஷ் மீடியம் வாசலை மிதித்ததில்லை. நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம், இங்கே வேலையில் நிலைக்க மறுபடி ஜெர்மன் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஜெர்மனியைத் தூக்கிக் கொண்டாட வேண்டாம். பத்து வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். வீட்டில் ஜெர்மன் பேசாத எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த ஒரு வருடம் வயிற்றைக் கலக்குகிறது.

தேக்கா வாசி:
ஜெர்மனும் இங்கிலீஷும் பங்காளி மொழிகள், அவர்களுக்குச் சுலபமாக வரும். கொரியாவைப் பாருங்கள். கல்லூரி நுழைவுத் தேர்வில் இங்கிலீஷ் கேட்டு எழுதும் நேரத்தில் விமானம் ஏறவோ இறங்கவோ விடமாட்டார்கள், சத்தம் வரக் கூடாதென்று. அவ்வளவு முக்கியம் அவர்களுக்கு.

உசிலை வாத்தியார்:
ஆமாம், ஆனால் கணக்கையும் அறிவியலையும் கொரிய மொழியில்தானே நடத்துகிறார்கள்? இங்கிலீஷ் முக்கியம் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? மலேசியா 2003-ல் கணக்கையும் அறிவியலையும் இங்கிலீஷுக்கு மாற்றியது. கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று 2009-ல் கைவிட முடிவெடுத்தது.

தேக்கா வாசி:
2016-ல் விருப்பப்பட்ட பள்ளிகளுக்கு அதே ஆங்கில வழியைத் திரும்பக் கொண்டுவந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். பெற்றோர் கேட்டார்கள், கொடுத்தார்கள்.

மேலூர்க்காரி:
நான் ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டீர்கள். விமானம் நிற்கட்டும், மேலூர் பஸ்ஸுக்கு வாங்க.

ஒத்தக்கடை ஜெராக்ஸ்:
தினமும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மீடியம் வேறு, பள்ளி வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் வந்தது, அப்புறம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். இவற்றுக்கு அரசுப் பள்ளிதான் கணக்கு, எந்தப் பிரிவு என்று கேட்கமாட்டார்கள். கொழுந்தனார் பணத்தில் ஆறாம் வகுப்புக்கே தனியார் பள்ளிக்குப் போனால் இவை போய்விடும்.

டிஎன்பிஎஸ்சி நடத்தும் அரசு வேலைத் தேர்வுகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு தனி. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் மீடியம் என்று சான்று கேட்கிறார்கள். ஆறில் மாற்றினால் அது கையைவிட்டுப் போகும், பிறகு திரும்பி வந்தாலும் கிடைக்காது. இந்தச் சான்று வாங்க முடியாமல் என் கடையில் அழுதவர்கள் உண்டு.

இலந்தைக்குளம் ஐடி:
டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதுவதற்காகவா பிள்ளையை வளர்க்கிறோம்? அவள் நாளைக்கு என்னவாக ஆசைப்படுவாளோ, யாருக்குத் தெரியும்.

உசிலை வாத்தியார்:
தம்பி, உங்கள் வைவா விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடம் இங்கிலீஷை ஒரு பாடமாகப் படித்தீர்கள்தானே? அந்தப் பீரியடில் ஒரு நாளாவது எழுந்து நின்று சொந்தமாக நாலு வாக்கியம் பேசச் சொன்னார்களா? சொல்லியிருக்கமாட்டார்கள். பாராகிராப்பை மனப்பாடம் செய்து ஒப்பிக்கச் சொல்லியிருப்பார்கள். கெட்டுக்கிடப்பது அந்த ஒரு பீரியட். அதைச் சரிசெய்யாமல், ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிற மற்ற பாடங்களையும் இங்கிலீஷாக்கினால் அவையும் மனப்பாடமாகும், அவ்வளவுதான்.

இலந்தைக்குளம் ஐடி:
அந்தப் பீரியட் எப்போது சரியாகும் சார்? நீங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதுவரை இவர் மகள் ஆறாம் வகுப்பிலேயே இருப்பாளா?

ஸ்டுட்கார்ட் மதுரைக்காரன்:
இதற்கு வாத்தியாரிடம் பதில் இருக்காது. யாரிடமும் இல்லை. அதனால்தான் வீட்டில் ஏதாவது செய்தாக வேண்டும். மதுரையில் நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. விடுமுறையில் கூட்டிப் போங்கள், எளிய இங்கிலீஷ் கதைப் புத்தகங்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

மேலூர்க்காரி:
சரி, அரசுப் பள்ளியிலேயே தமிழ்ப் பிரிவில் போடுகிறேன். கணக்கு புரிந்து படிக்கிற பிள்ளை, அதைக் கெடுக்க மனசில்லை. கொழுந்தனாரிடம் பணத்துக்குப் பதிலாக வேறொன்று கேட்கப் போகிறேன்: சனி, ஞாயிறு அவர் மகள் வீடியோ காலில் என் மகளோடு அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசட்டும். அடுத்த அரை மணி என் மகள் அவளோடு தமிழில் பேசுவாள்.

தேக்கா வாசி:
முதல் அரை மணிக்கு உடனே ஒத்துக்கொள்வாள். இரண்டாவது அரை மணிக்கு டாய்லெட் போகிறேன் என்பாள். என் மகன் அப்படித்தான் ஆச்சியிடமிருந்து தப்பிக்கிறான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்தக்கடை ஜெராக்ஸ்:
அக்கா, டிசி வாங்கும்போது பயிற்றுமொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். காலியாக விட்டுக் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் பத்து வருடம் கழித்து அலைய வேண்டியிருக்கும்.