குடியிருப்போர் சங்கப் பணத்தில் வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு: எதற்குச் செலவழிப்பது?

சங்கச் செயலர்:
எங்கள் நகரில் நான்கு தெரு, வாக்காளர் பட்டியலில் இரண்டு பாகம் (ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு பாகம்), சுமார் 2,200 வாக்காளர்கள். சங்கம் 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. ஃபிளெக்ஸ் வைத்து, வீடு வீடாகப் படிவம் 6 (பெயர் சேர்க்க), 7 (நீக்க), 8 (திருத்தம், இடமாற்றம்) வாங்கி, மொத்தமாகத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். வார்டு பிரமுகர் ஒருவர் மீதிச் செலவை ஏற்கத் தயார். துபாய், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளும் பணம் அனுப்புகிறேன் என்கிறார்கள். எதில் மாட்டிக்கொள்வோம்?

பாகம் 114:
முதலில் அந்த 'மொத்தமாக' என்பதை விடுங்கள். ஒரே ஆள் கட்டாகக் கொண்டுவரும் படிவங்களை வாங்க மாட்டார்கள். ஒரே குடும்பத்தினர் என்றால் பரவாயில்லை. கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களுக்குத்தான் தனி ஏற்பாடு, அதற்கும் நாளுக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. சங்கம் செய்யக்கூடியது பட்டியலைப் படித்து, யார் எந்தப் படிவம் போட வேண்டும் என்று சொல்வது.

பட்டியலைத் தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்திலிருந்து பாகம் வாரியாக இறக்கலாம். பிடிஎஃப் படமாக இருப்பதால் தேடல் வேலை செய்யாது, அச்செடுத்தே தீர வேண்டும். பக்கத்துக்கு 30 பெயர். 2,200 பேருக்கு 74 பக்கம், முகப்பு எல்லாம் சேர்த்து 80. இரண்டு பிரதி எடுத்தாலும் பக்கம் 2 ரூபாய் வீதம் 320 ரூபாய்தான். உங்கள் செலவில் உருப்படியானது இதுதான்.

கடைசியில் இருக்கும் துணைப்பட்டியலைப் பலர் புரட்டுவதே இல்லை. நீக்கப்பட்ட பெயர் அங்கே ஆங்கில எழுத்துக் குறியோடு வரும்: ஈ இறப்பு, எஸ் இடமாற்றம், ஆர் இரட்டைப் பதிவு, எம் ஆளைக் காணோம், க்யூ தகுதியிழப்பு. தெருவில் நடமாடுகிறவர் பெயருக்கு எதிரே 'எம்' இருந்தால் அன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, பழைய கதவெண், புதிய கதவெண் குழப்பம். ஒரே குடும்பம் மூன்று பக்கங்களில் சிதறிக் கிடக்கும். வீட்டு எண்ணை நம்பாமல் தந்தை அல்லது கணவர் பெயரையும் வயதையும் வைத்துத் தேடுங்கள்.

படிவம் எட்டு:
துண்டறிக்கையில் ஒரே ஒரு வரிதான் இடம் என்றால் இதைப் போடுங்கள்: 'வீடு மாறினால் படிவம் 8.' 2022 ஆகஸ்ட் முதல் இடமாற்றம், திருத்தம், மாற்று வாக்காளர் அட்டை எல்லாம் இதில்தான். மக்கள் பழைய பழக்கத்தில் படிவம் 6 போடுகிறார்கள். பழைய ஊரில் பெயர் அப்படியே நிற்க, இங்கே இன்னொன்று ஏறுகிறது. படிவம் 6 முதல்முறை சேர்கிறவர்களுக்கு மட்டும். அதில் பொய் உறுதிமொழி தந்தால் 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பிளஸ் டூ மாணவர்களை விடாதீர்கள். 17 முடிந்ததும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதற்குள் 18 நிறைகிறதோ அப்போது சேர்ப்பார்கள்.

வரவு செலவு:
பிரமுகர் பணம் வேண்டவே வேண்டாம். நாளைக்கு ஒரு பெயர் நீங்கினால், "அந்தக் கட்சிக்காரன் காசில் தூக்கினாங்க" என்பார்கள். பதில் சொல்ல முடியாது. துபாய்ப் பிள்ளை இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடக் கூடாது.

ஃபிளெக்ஸ் வீண். பட்டியல் திருத்தச் சிறப்பு முகாம் நடக்கும் சனி, ஞாயிறுக்கு மூன்று நாள் முன்னால் ரேஷன் கடையில் ஒரு நோட்டீஸ், தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. பாகம் எண், வாக்குச்சாவடிப் பள்ளி, 1950 உதவி எண் இருந்தால் போதும். அச்சகம், வெளியிடுவோர் பெயரைக் கீழே போட்டுவிடுங்கள். தேர்தல் ஆணைய முத்திரையைப் போடாதீர்கள். ஆட்டோவில் மைக் கட்டுவதென்றால் காவல் நிலைய அனுமதி வேண்டும். பட்டியல் பக்கங்களைக் குழுவில் ஏற்றாதீர்கள், ஊர் முழுக்கப் பெயரும் வயதும் சுற்றும்.

சங்கச் செயலர்:
நன்றி. காலி செய்து போனவர்களுக்கு நாங்களே படிவம் 7 போடலாமா?

பாகம் 114:
அதே தொகுதி வாக்காளர் யாரும் போடலாம், ஆனால் செயலர் ஒருவரே நாற்பது போடுவது வம்பு. இறந்தவர் என்றால் குடும்பத்தாரையே இறப்புச் சான்று நகலோடு போடச் சொல்லுங்கள். காலி செய்தவர் புது ஊரில் படிவம் 8 போட்டால் இங்கே தானாக நீங்கும், ஆகவே அவருக்கு ஒரு போன் அடிப்பது மேல். படிவம் 7-இல் வந்த ஆட்சேபணைகள் படிவம் 10 என்ற பட்டியலாக வெளியாகும். ஏழு நாள் கழித்துத்தான் முடிவு. அதை வாராவாரம் ஒருவர் பார்க்கட்டும். தவறாக நீக்கினால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.