அடுப்படியில் ஒட்டிக்கொண்ட ஐரிஷ்

அயர்லாந்து வாழ்க்கை என்றாலே எல்லோரும் தலைநகர் டப்ளின் கதையாகச் சொல்கிறீர்கள். என்னுடையது மேற்கே, கிளேர் மாவட்டத்துக் கிராமம். முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. பாதி நாள் காரிலேயே போய்விடும், அது வேறு கதை.

எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர். முதல் நாள் நான் படிவம் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஓ, நீ கிட்டோக்கா!" என்றார். திட்டுகிறாரோ என்று நினைத்தேன். இடதுகைக்காரியா என்று கேட்டிருக்கிறார். ஊரில் நொட்டாங்கை என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது எனக்கு. அது ஐரிஷ், அயர்லாந்தின் சொந்த மொழிச் சொல். அதன் வேருக்கும் 'தடுமாறுகிற, விகாரமான' என்ற பொருள் உண்டாம். சரிதான்!

அப்புறம், கொல்லையில் கிப்பீன்ஸ் கிடக்கும், கொண்டு வா என்றார். சுள்ளி! ஐரிஷில் பன்மை கிப்பீனி. பாட்டி ஆங்கில 'ஸ்' போட்டுக்கொள்கிறார். சுள்ளி பற்றியதும் மேலே டர்ஃப் அடுக்குவார், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி. அதை எண்ணிக் கேட்க மாட்டார். "ஒரு க்வால்" கொண்டு வா என்பார், இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிற அளவு.

ஐரிஷ் தெரியுமா என்று கேட்டேன். ஒரு சொல்லும் தெரியாதாம், பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தும் ஏறவில்லையாம். சரி என்று விட்டுவிட்டு, அவர் போட்ட டீயைப் புகழ்ந்தேன். "பிளாமாஸ் பண்ணாதே" என்றார். ஐஸ் வைக்காதே என்று அர்த்தம். அதுவும் ஐரிஷ்தான்!

சொல்லைவிட வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது. மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டால் பாட்டியிடம் 'யெஸ்' வராது, 'ஐ டிட்' என்பார். ஐரிஷில் ஆமாம், இல்லை என்று தனிச் சொல் கிடையாது, வினையையே திருப்பிச் சொல்வார்கள். நமக்கும் "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்" பழக்கம் என்பதால் அதில் சிக்கல் இல்லை. ஒருநாள் மட்டும், "ஐ ஆம் ஆஃப்டர் டேக்கிங் தெம்" என்றார். இனிமேல்தான் போடப்போகிறார் என்று நினைத்து மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன். அன்றைய கட்டம் காலி. இப்போதுதான் போட்டு முடித்தேன் என்பதை ஐரிஷ் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார்.

பாட்டி என்னைப் பார்த்து "ஓன்ஷக்" என்று முணுமுணுத்தார். முட்டாள் பெண்ணே என்று அர்த்தம். ஆணாக இருந்தால் அமதான் என்பார்களாம்.