சாலையோர மரமும் உள்ளாட்சி அலுவலகமும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

தெற்குவாசல்:
எங்கள் வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் கிளை மாடிச் சுவரில் உரசத் தொடங்கியதும் நகராட்சியில் மனுக் கொடுத்தேன். அதற்குப் பின் நடந்த அலைச்சல் இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. மின்வாரியத்தினர் வந்து கம்பிப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்துவிட்டுச் சென்றதால், பாரம் முழுவதும் எங்கள் பக்கம் சாய்ந்தது. ஏழாம் மாதம் ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் வந்தார். ஏறுவதற்கு முன் அரிவாளின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டினார். தவில் போல ஒலித்தது. "உள்ளே ஒன்றுமில்லை ஐயா, வெறும் கூடு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தனை மாதமும் என் மகளின் பள்ளி வேன் அந்த மரத்தடியில்தான் நின்றது. மறு வாரம் மரத்தை வெட்டிவிட்டார்கள். முதல் நாளே ஒருவர் வந்து அப்படித் தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்ற எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை.

புங்கநிழல்:
மேலே எழுதியவர் மரத்தின் மீதே பழியைப் போடுகிறாரோ என்று தோன்றுகிறது. மரம் தானாகக் கூடாகிவிடுவதில்லை. கண்டபடி வெட்டிய கிளையின் காயத்தில் நீர் இறங்கித்தான் பெரும்பாலும் உள்ளே மக்கத் தொடங்குகிறது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது, நன்றாக இருந்த புங்கமரத்தின் ஒரு பக்கத்து வேர்கள் அத்தனையையும் இயந்திரத்தால் அறுத்தார்கள். தொடை பருமனுள்ள வேர் ஒன்று ஈரத்தோடு மண்மேட்டில் கிடந்ததை நான் பார்த்தேன். பிறகு அடிமரம் வரை சிமெண்ட் பூசினார்கள். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் இடம் சிமெண்ட் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டிருந்தது. எங்கள் மரத்துக்கு ஒரு சாண்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஐப்பசி மழையில், வேர் அறுபட்ட பக்கத்துக்கு எதிர்ப்புறமாக அது விழுந்தது. "பழைய மரம்" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மனுதாரர்:
எனக்கு நேர்ந்தது சிறியது: சாய்ந்த வாகைமரம் ஒன்று என் கடைப் பலகையை உடைத்தது, அவ்வளவே. ஆனால் நீங்கள் இருவரும் செய்யத் தவறியதைச் சொல்கிறேன். வாய்மொழிப் புகாருக்கு மதிப்பில்லை. தேதியுள்ள படங்களை இணைத்து, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். விழுந்து பிறருக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய மரத்தை அகற்றவோ அதற்கு முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவு. மரத்தின் உரிமையாளருக்கு மட்டுமன்றி, அதைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் அந்த உத்தரவு பொருந்தும். பொறுமையிழந்து நீங்களே ஆள் வைத்து வெட்டிவிடாதீர்கள். பொது இடத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். கிளை கழிப்பதற்கும் மரத்தை வெட்டுவதற்கும் தனித்தனி மனு எழுதுவது நல்லது.

தெற்குவாசல்:
நான் வழி கேட்கவில்லை, ஐயா. மூன்று மனுக்களின் ஒப்புகை அட்டைகளும் என்னிடம் இருக்கின்றன.

ஓய்வுபெற்றவன்:
மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் நான். எங்கள் நகராட்சி முழுவதற்கும் ஏணி வண்டி ஒன்றுதான். அதுவும் பாதி நாள் தெருவிளக்குப் பணிக்குப் போய்விடும். மழைக்காலத்தில் ஒரே நாளில் இருபது மரங்களைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறேன். 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்த பிறகு, எங்கள் ஊரிலும் எல்லோரும் தங்கள் வாசல் மரத்தை வெட்டச் சொன்னார்கள். பள்ளி அருகிலிருந்த குல்மொஹர் ஒன்றுக்கு மட்டும், ஒரு பக்கம் மண் விரிசல் கண்டிருந்தும், "உடனடி ஆபத்தில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பூத்திருந்தது, அதுதான் காரணம். அது இன்றும் நிற்கிறது. காற்று அடிக்கும் நாளில் நான் அடுத்த தெரு வழியாகத்தான் கடைக்குப் போகிறேன்.